சுரந்தும் சோரும் தேகம்

பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டின் பூக்கடைகளையும் காய்கறிக் கூடைகளையும் பஸ்களின் ஓயாத இரைச்சலையும் கடந்து பழைய கோட்டைப் பக்கமாகத் திரும்புகிறவன், விக்டோரியா ஆஸ்பத்திரியின் விசாலமான வளாகத்துக்குள் வந்து சேருவான். மைசூர் ராஜ்யத்தை இளவயது மகாராஜாவுக்காகப் பிரதிநிதியாக நின்று ஆண்டுவந்த மகாராணி வாணி விலாச சன்னிதானம் 1897இல் அஸ்திவாரக் கல் நாட்ட, 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்துவைத்த அந்த ஆஸ்பத்திரி, பிளேக்குக்கும் வாந்திபேதிக்கும் ஜனங்கள் அஞ்சிய காலத்தில் கட்டப்பட்டது. இன்றோ அதே வளாகத்தில் கர்நாடக அரசின் தன்னாட்சி ஸ்தாபனமாக நெஃப்ரோ-யூராலஜி இன்ஸ்டிடியூட் இயங்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் பேசிக்கொண்டு, ஒரு கையில் ரிப்போர்ட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பையும் மறு கையில் டயாலிசிஸுக்காக உண்டாக்கிய ஃபிஸ்டுலாவின் புடைப்புமாக அங்கே வருகிறார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் கோலாரும் பெங்களூரையே தம் பெரிய வைத்திய ஸ்தலமாகக் கொண்டிருப்பதால், இந்த நகரத்தின் எந்த டயாலிசிஸ் வார்டிலும் தமிழ்க் குரல் கேட்காத நாள் அபூர்வம்.

அந்த வார்டுகளில் சிறிது நேரம் நின்று பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது இயந்திரம். ரத்தத்தை வெளியே இழுத்து, நுண்குழாய்கள் நிறைந்த டயாலைசருக்குள் செலுத்தி, யூரியாவையும் பொட்டாசியத்தையும் மிகுதியான தண்ணீரையும் அகற்றி, மறுபடி உடலுக்குள் அனுப்பும் அந்த யந்திரத்தின் சாமர்த்தியத்தை யாரும் மெச்சாமல் இருக்க முடியாது. இன்னும் சற்று நேரம் நிற்கிறவன் கண்ணில் படுவது மனிதர்கள்: குழிந்த கன்னமும், தோளிலிருந்து தொங்கும் சட்டையும், கையில் கரையாமல் மீந்திருக்கும் கொஞ்சம் சதையுமாகப் படுத்திருப்பவர்கள். ரத்தம் சுத்தமாகிறது, தேகம் தேய்கிறது. இவ்விரண்டும் ஒரே கட்டிலில் ஒரே சமயத்தில் நடப்பது ஏன் என்ற கேள்வியைத் தொடர்ந்து போனவர்கள் சிறுநீரகத்தை விட்டு வெகு தூரம் விலகி, மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிடமும் அது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனிடமும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஹார்மோனின் சுவடுகளை ரத்தத்தில் அளந்து, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் எத்தனை காலம் ஜீவித்திருப்பார் என்று அனுமானிக்க முடியுமா என்பது கடந்த சில பத்தாண்டுகளாக வைத்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் விஷயம்.

டயாலிசிஸின் சரித்திரம் நீளமானதன்று. ஹாலந்து தேசம் ஜெர்மானியரின் பிடியில் இருந்த 1943இல், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் மரச்சட்டம் கோத்த உருளையில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி முதல் யந்திரத்தைச் செய்தார். 1945இல்தான் அவர் கையில் ஒரு நோயாளி பிழைத்தார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் ரத்தக்குழாயில் நிரந்தரமாகப் பொருத்தும் குழலைக் கண்டுபிடித்த பிறகுதான், ஒருவரை வாரந்தோறும், வருஷக்கணக்காக, டயாலிசிஸில் வைத்துக் காப்பாற்றலாம் என்ற நிலை பிறந்தது. இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இலேயே டயாலிசிஸ் தொடங்கிவிட்டது நம் பகுதிக்குப் பெருமை. 1966இல் பிரெஸியாவும் சிமினோவும் கைத்தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு யந்திரங்கள் நுட்பமாயின, டயாலைசர்கள் சிறுத்தன, மின்னணு அளவைகள் வந்தன. ஆனால் அடிப்படையில் அந்த யந்திரம் செய்வது கோல்ஃப் செய்த அதே வடிகட்டும் வேலைதான்.

சிறுநீரகமோ வடிகட்டுவதோடு நிற்பதில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது அதன் பிரசித்தமான தொழில். ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினைச் சுரப்பதும், வைட்டமின் டியைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுவதும், ரத்தத்தில் அமிலம் மிகாமல் காப்பதும் அவ்வளவு பிரசித்தமில்லாத தொழில்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், யாரும் அதிகம் பேசாத இன்னொரு தொழில் இருக்கிறது: ரத்தத்தில் சுற்றிவரும் ஹார்மோன்களையும் சிறு புரதங்களையும் வேலை முடிந்ததும் சிதைத்து அகற்றுவது. இந்தத் தொழில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் நம் கதையின் மையம்.

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அது நாள் முழுதும் சீராகச் சுரப்பதில்லை. அலை அலையாக, முக்கியமாக இரவின் ஆழ்ந்த உறக்கத்தில் பொங்கி, சுமார் 20 நிமிஷத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் காலை பத்து மணிக்கு ஒரு துளி ரத்தம் எடுத்து அதில் வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பதில் பெரும்பாலும் பிரயோஜனமில்லை. இந்த ஹார்மோன் தன் காரியங்களில் பலவற்றை நேராகச் செய்வதும் இல்லை. அது கல்லீரலை அடைந்து, அங்கே வேறொரு பொருளைச் சுரக்கச் செய்கிறது என்பதற்கான முதல் தடயத்தை 1957இல் சால்மனும் டாகடேயும் கண்டார்கள். 1978இல் ரிண்டர்க்னெக்ட்டும் ஹும்பெலும் அதன் 70 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தி, இன்சுலினோடு அதற்குள்ள உருவ ஒற்றுமையைக் காட்டினார்கள். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர்; வைத்தியர்கள் சுருக்கமாக ஐ.ஜி.எஃப்.-1 என்கிறார்கள். எலும்பு நீள்வதும் தசை திரள்வதும், சிதைந்த திசு மறுபடி கட்டப்படுவதும் பெரும்பாலும் இதன் ஆணையால். குழந்தைகளுக்கு இது உயரம் தருகிறது. உயரம் முடிந்துபோன பெரியவர்களுக்கு இது இருப்பதைக் காக்கிறது.

ஐ.ஜி.எஃப்.-1 ரத்தத்தில் தனியாகத் திரிவது வெகு சொற்பம். ஆறு வகைப் பிணைப்புப் புரதங்களில் ஏதேனும் ஒன்றோடு ஒட்டிக்கொண்டுதான் அது சஞ்சரிக்கிறது. மூன்றாவது வகைப் புரதம் அதன் பெரும்பகுதியைத் தாங்கிப் பல மணி நேரம் ரத்தத்தில் நிலைக்கச் செய்கிறது. காலையோ மாலையோ எப்போது அளந்தாலும் ஐ.ஜி.எஃப்.-1 ஏறக்குறைய ஒரே அளவில் கிடைப்பதும், வளர்ச்சி ஹார்மோனின் நிலையை அறிய அதைவிட இதுவே நம்பகமான குறியாக விளங்குவதும் இதனால்தான். முதலாவது வகைப் புரதமோ முற்றிலும் வேறு சுபாவமுடையது. அது இன்சுலினுக்குக் கட்டுப்பட்டது: உண்டு நிறைந்த உடலில் இன்சுலின் உயர்ந்திருக்கும்போது இது தாழும், பசியிலும் பட்டினியிலும் இன்சுலின் தாழும்போது இது உயர்ந்து, கிடைத்த ஐ.ஜி.எஃப்.-1ஐப் பற்றிக்கொண்டு வேலை செய்ய விடாது. சோறு இல்லாத நேரத்தில் வளர்வதற்கு அவசரப்படாதே என்று உடல் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டளை அது.

இனி சிறுநீரகம் கெட்ட ஒருவரின் ரத்தத்துக்கு வருவோம். வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்க வேண்டிய உறுப்பு செயலற்றுவிட்டபடியால், அந்த ஹார்மோன் அவர் ரத்தத்தில் சாதாரண மனிதனைவிட அதிகமாகவே இருக்கும். ஹார்மோன் அதிகம் என்றால் தசையும் அதிகமாக வேண்டுமே? அப்படி ஆவதில்லை. யூரியாவும் இன்னும் பெயரிடப்பட்டும் பெயரிடப்படாமலும் உள்ள கழிவுகளும் தேங்கிய உடலில், வளர்ச்சி ஹார்மோன் செல்லின் வாசலில் உள்ள ஏற்பியில் அமர்ந்தாலும், அந்தச் செய்தி உள்ளே கருவுக்குப் போய்ச் சேருவதில் தடை விழுகிறது. ரத்தத்தில் மிகுந்த அமிலம் அந்தத் தடையைப் பெரிதாக்குகிறது. ஓயாத அழற்சி இன்னும் பெரிதாக்குகிறது. கல்லீரல் செய்யும் ஐ.ஜி.எஃப்.-1 அளவில் சாதாரணமாகவே தென்பட்டாலும், சிறுநீரகம் அகற்ற வேண்டிய சிறு பிணைப்புப் புரதங்கள் குவிந்து கிடப்பதால், அதில் உண்மையில் வேலைக்கு வருவது குறைவு. 1966இல் இஸ்ரேல் தேசத்து வைத்தியர் ஸ்வி லாரோன், வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் நிறைந்திருந்தும் குள்ளமாகவே நின்றுவிட்ட பிள்ளைகளை வர்ணித்தார். அவர்களுக்கு அது பிறவியில் வந்த குறை. சிறுநீரக நோயாளி அதற்கு ஒப்பான ஒரு நிலையை நடுவயதில் சம்பாதித்துக்கொள்கிறார்.

பிள்ளைகளிடம் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். சிறுநீரகம் பழுதான குழந்தை வகுப்பில் மற்றவர்களின் தோளுக்குக் கீழே நின்றுவிடுகிறது. செல்லின் வாசல் மந்தமாயிருப்பதைப் பெருமளவு ஹார்மோனால் தட்டித் திறக்கலாம் என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் ஊசி அத்தகைய குழந்தைகளுக்கு நல்ல பலன் அளித்தது. 1993இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. அதற்கு முன்பு இந்த ஹார்மோனின் கதை விபரீதமானது. 1958இல் தொடங்கி, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பிகளைத் திரட்டி அவற்றிலிருந்து பிரித்தெடுத்தே மருந்து செய்தார்கள். அதன் வழியாக மூளையை அழிக்கும் கொடிய நோய் சிலருக்குத் தொற்றியது 1985இல் தெரியவந்ததும் அந்த முறை கைவிடப்பட்டு, பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்த ஹார்மோன் அதே வருஷத்தில் கடைக்கு வந்தது.

பெரியவர்கள் விஷயம் இவ்வளவு எளிதன்று. அவர்களுடைய உயரம் குறையாது, குறைவது சதை. அந்தக் குறைவு உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை முதன்முதலில் பெரிய அளவில் உணர்த்தியது 1990இல் அமெரிக்காவில் லோரியும் லியூவும் வெளியிட்ட ஆராய்ச்சி. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை அவர்கள் அலசினார்கள். யார் பிழைப்பார், யார் மாட்டார் என்பதோடு மிக நெருக்கமாகச் சேர்ந்திருந்தது யூரியாவோ பொட்டாசியமோ அன்று. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற சாமானியப் புரதம். ஆல்புமின் தாழத் தாழ மரணம் ஏறியது. பின்னர் ஆராய்ந்தவர்கள் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள்: மற்ற மனிதர்களுக்குப் பகை என்று சொல்லப்படும் பருத்த உடலும் உயர்ந்த கொலஸ்டிராலும், டயாலிசிஸ் நோயாளிகளிடையே நீண்ட ஆயுளோடு சேர்ந்திருந்தன. நெடுநாள் அடைக்கவேண்டிய கடனுக்கு அஞ்சி இன்றைய சோற்றை விடுவது இந்த நோயாளிக்குப் பொருந்தாது என்பது அதன் தாத்பரியம்.

இந்தப் பின்னணியில்தான் வளர்ச்சி ஹார்மோனின் குறிகள் ஆராய்ச்சிக்கு வந்தன. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்தவர்கள் சிறுநீரகம் முற்றும் கெட்ட 365 பேரின் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.-1ஐ அளந்து, அவர்களை ஐந்து வருஷம் வரை தொடர்ந்து கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஐ.ஜி.எஃப்.-1 குறைவாக இருந்தவர்களுடைய தசை குறைவு, கைப்பிடி வலிமை குறைவு, எலும்பின் அடர்த்தி குறைவு. வயது முதலிய மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அவர்களிடையே மரணம் அதிகம். வேறு நாடுகளில் நடந்த சிறு ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டின. பட்டினியில் உயரும் அந்த முதலாவது பிணைப்புப் புரதம் எவரிடம் மிகுந்திருந்ததோ அவரும் அதிக ஆபத்தில் இருந்தது கண்டறியப்பட்டது. ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தும், அதனால் விளைய வேண்டிய ஐ.ஜி.எஃப்.-1 குன்றியும், அதைப் பிடித்து நிறுத்தும் புரதம் ஓங்கியும் இருக்கும் நோயாளி, ரத்தச் சுத்தி எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், உள்ளே பட்டினி கிடக்கிறார்.

இதில் ஒரு புதிர் உண்டு. 1993இல் சிந்தியா கென்யன் என்ற விஞ்ஞானி, நூல்போன்ற ஒரு சிறு புழுவில் இன்சுலின்–ஐ.ஜி.எஃப். செய்தியைப் பெறும் ஒரு மரபணுவைக் குலைத்தபோது, அந்தப் புழு இரட்டிப்புக் காலம் வாழ்ந்தது. வளர்ச்சி ஹார்மோன் குன்றிய எலிகளும் நீண்ட நாள் வாழ்கின்றன. லாரோன் வர்ணித்த குள்ளர்களுக்குப் புற்றுநோய் வருவது அபூர்வம். சுகதேகிகளின் உலகத்தில் இந்தக் காரணி தணிந்திருப்பது நீண்ட ஆயுளின் அடையாளமாகக்கூட இருக்கலாம். டயாலிசிஸ் வார்டிலோ அது மரணத்தின் முன்னறிவிப்பு. வேளா வேளைக்குப் புசித்துத் தேகசேமிப்போடு இருக்கிறவனிடம் வளர்ச்சியின் வேகம் தணிவது ஒரு வகைச் சிக்கனம். சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறவனிடம் அதே தணிவு, கரைவதன் கணக்கு. எண் ஒன்றுதான், அது எந்த உடலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அர்த்தம்.

குறி கிடைத்துவிட்டது என்றால் மனிதன் சும்மா இருப்பானா? குறைந்ததை ஊசியால் நிரப்பிவிடலாம் என்ற ஆசை உடனே பிறந்தது. அதற்கு முன்னதாகவே 1990இல், அறுபது வயதைக் கடந்த ஒரு சில ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து, சதை கூடிக் கொழுப்புக் குறைந்ததென்று ரட்மன் என்பவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை, இளமையை ஊசியில் விற்கும் வியாபாரத்துக்கே வித்திட்டுவிட்டது. இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் அந்த மோகம் தீர்ந்தபாடில்லை. ஆனால் கடும் நோயுற்றவர்களிடம் இந்த ஹார்மோன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஐரோப்பாவில் நடந்து 1999இல் முடிவு வெளியான சோதனை காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்து சதை உருகும் நோயாளிகளுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தோடு 500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட அந்தச் சோதனையில், ஃபின்லாந்தில் மட்டும் பார்த்தால், வெறும் உப்பு நீர் போன்ற ஊசி பெற்றவர்களில் 20 சதவீதம் பேர் இறக்க, ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். மற்ற நாடுகளிலும் கதை அதுவே. சதையைக் காக்கப் போனது உயிரைக் கொண்டுபோயிற்று.

டயாலிசிஸ் நோயாளிகளிடம் மிகுந்த எச்சரிக்கையோடு, குறைந்த அளவில் ஹார்மோன் கொடுத்துச் சோதிக்க ஒரு பெரிய ஏற்பாடு பிறகு செய்யப்பட்டது. ஆல்புமின் தாழ்ந்த 2500 பேரைச் சேர்த்து, அவர்கள் ஆயுள் நீள்கிறதா என்று பார்ப்பது நோக்கம். ஆட்கள் போதிய வேகத்தில் சேராததால், 712 பேர் சேர்ந்த நிலையிலேயே அது நிறுத்தப்பட்டது. 2011இல் வெளியான முடிவில், ஹார்மோன் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்பதற்கு நிரூபணம் கிடைக்கவில்லை. சிறு ஆய்வுகளில் சதை கூடியது உண்மை. சதை கூடியதால் ஆயுள் கூடியது என்று சொல்ல இன்றுவரை யாருக்கும் ஆதாரமில்லை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று நம் கிராமத்தார் சொல்வார்கள். அதற்காக எறும்பைப் பிடித்து மேட்டில் விட்டால் மழை பெய்துவிடுமா? ஐ.ஜி.எஃப்.-1 அந்த எறும்பைப் போன்ற குறி. அது தாழ்வதற்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: போதாத உணவு, போதாத டயாலிசிஸ், தேங்கிய அமிலம், ஆறாத அழற்சி, அசையாத உடல். இவற்றைத் தீர்க்காமல் குறியை மட்டும் ஊசியால் ஏற்றுவது கணக்குப் புத்தகத்தில் இலக்கத்தைத் திருத்துவதேயாகும். அத்தோடு, நம் நாட்டில் சாதாரண டயாலிசிஸ் நோயாளிக்கு இந்தப் பரிசோதனையே அவசியமா என்று கேட்டால், அவசியமில்லை என்றே சொல்வேன். ஆராய்ச்சிக்கு அது மிகப் பயனுள்ளது. ஆனால் அது சொல்லும் செய்தியைக் குறைந்த செலவில் சொல்லக்கூடிய குறிகள் கையருகே இருக்கின்றன, அவற்றைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

கிரியாட்டினினை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வரும் காலத்தில் அந்த எண் ஏற ஏற வயிற்றில் புளியைக் கரைத்த குடும்பத்தார், டயாலிசிஸ் தொடங்கிச் சில வருஷம் கழித்து அது மெல்ல மெல்ல இறங்குவதைக் கண்டு, கோவிலுக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்று மகிழ்வதுண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. டயாலிசிஸ் முறை ஒன்றுபோலவே நடந்துவரும்போது, மாதாமாதம் ஊசி குத்துவதற்கு முன் எடுக்கும் ரத்தத்தில் அது இறங்கிக்கொண்டே வருமானால், பெரும்பாலும் பொருள் இதுதான்: அதைப் பிறப்பிக்கும் தசை கரைந்துகொண்டிருக்கிறது.

எடை இயந்திரம் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்தபின் இருக்க வேண்டிய எடையை டிரை வெயிட் என்று குறித்து வைத்து, அதற்கு மேல் ஏறியதையெல்லாம் தண்ணீர் என்று எடுத்துவிடுகிறார்கள். ஒருவருடைய டிரை வெயிட் 58 கிலோ என்று ஆறு மாதத்துக்கு முன் எழுதப்பட்டது. இடையில் ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு மாதம் வாய்க்கசப்பு, இரண்டு கிலோ சதை போய்விட்டது. எழுத்தை யாரும் மாற்றவில்லை. இயந்திரம் 58 காட்டும்போது அவர் சரியாக இருப்பதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சதை போன இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடியேறியிருக்கிறது. இரவில் மூச்சுத் திணறலும் ஏறிய ரத்த அழுத்தமும் வந்த பிறகே அந்த இரகசியம் வெளிப்படும். தேகத் தேய்வைத் தண்ணீர் மூடி மறைப்பது இந்த நோயின் விசேஷ வஞ்சனை. அதற்காகத்தான் சில இடங்களில் கைப்பிடி வலிமையை ஒரு சிறு கருவியால் அளக்கிறார்கள். தண்ணீரால் பிடியை இறுக்க முடியாது.

உணவு விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், சிறுநீரகத்தின் சுமையைக் குறைப்பதற்காக, பருப்பைக் குறை, முட்டையைத் தவிர், மாமிசம் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருப்பார். அது சரியான உபதேசம். டயாலிசிஸ் தொடங்கியதும் அந்த உபதேசம் தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்களும் வெளியே போய்விடுகின்றன. அந்த நான்கு மணி நேரமும் உடல் தன் தசையையே உருக்கிச் செலவழிக்கிறது. ஆகையால் உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இன்றைய விதி. ஆனால் வீட்டாரின் மனத்தில் பழைய உபதேசமே பதிந்திருக்கும். அன்பு மிகுந்த மனைவியும் மருமகளும் உப்பில்லாத சாதத்தையும் ரசத்தையும் மட்டும் பயபக்தியோடு பரிமாறி, அறியாமல் அவரைத் தேய்க்கிறார்கள்.

60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம். 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம்தான் உண்டு. கர்நாடகத்தார் கொண்டாடும் ராகியிலும் அவ்வளவே, அதோடு கெட்ட சிறுநீரகம் அகற்ற முடியாத பொட்டாசியமும் பாஸ்பரஸும் சேர்ந்து வருகின்றன. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் மூன்றரை கிராம் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகச் சொற்பம். டயட்டீஷியன்கள் எல்லோரும் வெள்ளைக்கருவையே ஜபிப்பது இதனால்தான். பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் முட்டை வாசனையே அறியாத குடும்பத்தில் பிறந்து எழுபது வயதில் டயாலிசிஸுக்கு வந்தவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. பருப்பும் பனீரும் அளவறிந்து, பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையோடு, அவருக்கு ஏற்றபடி வகுத்துத் தருவது டயட்டீஷியனின் சாமர்த்தியம். அப்படி ஒருவரிடம் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கிடைப்பது நோயாளியின் பாக்கியம். இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று பொட்டாசியத்தை வாரிக் குடிப்பவர்களையும், சத்துக்காக என்று கடையில் விற்கும் பொடிகளைக் கேட்காமல் கலக்கிக் குடிப்பவர்களையும் பற்றி இங்கே விரிக்க இடமில்லை, இரண்டும் ஆபத்து.

அமிலத்தைத் தணிக்கும் சோடியம் பைகார்பனேட் மிக மலிவானது. டயாலிசிஸ் நீரிலும் அது போதிய அளவில் இருக்க வேண்டும். பல் சொத்தை, ஃபிஸ்டுலாவிலோ கழுத்துக் குழாயிலோ மெல்லப் புகையும் தொற்று இவற்றை விட்டுவைப்பதும் சதையை உருக்கும். இவையெல்லாம் வளர்ச்சி ஹார்மோனின் தடையைத் தளர்த்தும் வழிகளே. ஆனால் எல்லாவற்றிலும் பெரியது டயாலிசிஸின் எண்ணிக்கை. உலகின் செல்வ நாடுகளில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது வழக்கம். வாரத்தின் 168 மணி நேரத்தில் அதுவே 12 மணி நேரம்தான். நம் நாட்டிலோ பெரும்பாலோர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கழிவு தேங்கிய உடலில் பசி எடுப்பதில்லை, பசி எடுக்காதவன் தின்பதில்லை, தின்னாதவனுடைய ஐ.ஜி.எஃப்.-1 எப்படி உயரும்?

ஏன் இரண்டு முறை என்று கேட்டால் விடை பெரும்பாலும் வைத்தியத்தில் இல்லை. 2016 பிப்ரவரியில் பிரதம மந்திரியின் பெயரால் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த மத்திய பட்ஜெட் உரை, ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவர்களாகிறார்கள் என்றும், அவர்களால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும், நாட்டிலுள்ள சுமார் 4950 மையங்கள் தேவையில் பாதியைத்தான் நிறைவேற்றுகின்றன என்றும் கூறியது. ஒரு முறைக்கு ஏறக்குறைய 2000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிறது, பஸ் செலவும் இழந்த கூலியும் தனி என்ற உண்மையையும் அந்த உரை மறைக்கவில்லை. அதன் பின் ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரிகளில் இலவச டயாலிசிஸ் பரவியிருக்கிறது; தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அரசுக் காப்பீடு அதற்குக் கைகொடுக்கிறது. யந்திரம் இலவசம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நோயாளிக்குக் கூலி போகிறது, கூட வருகிறவருக்கும் போகிறது. ஆகவே மூன்றாவது முறையைத்தான் முதலில் விடுகிறார்கள். வளர்ச்சி ஹார்மோனின் நுட்பங்களையெல்லாம் அலசி முடித்த பிறகு வந்து சேரும் இடம் பஸ் கட்டணமாக இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.எஃப்.-1ஐ உயர்த்த வாரத்துக்கு மூன்றாவது தடவை அவரைக் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைக்கும் உதவித்தொகை, எந்த வெளிநாட்டு ஊசியையும் விட அதிகம் செய்யும் என்பது என் துணிபு.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ள முடிந்தவர்களுக்கு இந்தத் தடைகளில் பெரும்பகுதி தானே விலகுகிறது, கிடைப்பதுதான் அரிது. அது கிடைக்கும் வரை டயாலிசிஸில் இருப்பவரின் வீட்டார் மாதம் ஒரு முறை வைத்தியரிடம் மூன்றே விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது: ஆல்புமின் போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா, டயாலிசிஸுக்கு முந்தின கிரியாட்டினின் காரணமில்லாமல் இறங்குகிறதா, டிரை வெயிட்டைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள். அதோடு, அவருக்குப் பருப்பை மறுக்கும் பழைய சீட்டு இன்னும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தால், வைத்தியரைக் கேட்டு இன்றே கிழித்துவிடுங்கள்.